மேலே ஆள் உண்டு, அப்பா

பாசமுள்ள அப்பாவுக்கு,

வழக்கத்துக்காக இப்படித் தொடங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். பாசம் இருக்கிறது. அது இல்லாமல் போயிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி! உங்களை அடக்கம் செய்த கையோடு மறந்துவிட்டு, நானும் நாலு பேரைப் போல வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன்.

கல்லறைத் திருநாள் வருகிறது. தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் உங்கள் மேல் புல் மண்டிக் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போய்ப் பிடுங்கிவிட்டு வந்தேன். பிடுங்கும்போது அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "கீழே ஆள் உண்டா?" என்று ஒரு தடவை கேட்டேன். பதில் இல்லை. நம் வீட்டுச் சட்டப்படி பதில் சொல்லாதவருக்கு மதியச் சோறு கிடையாது. உங்களுக்கு அது இனிமேல் ஒரு தண்டனையே இல்லை, கொடுத்துவைத்தவர்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் இரண்டு பேருக்குள் இருக்க வேண்டியதை ஏன் அச்சில் போடுகிறாள் என்று உங்களுக்குக் கோபம் வரும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் தூத்துக்குடியில் தண்டலாக இருந்தவர். பாய்மரத் தோணிக்குத் தலைவர்தான் தண்டல். கரையை விட்டுக் கிளம்பிவிட்டால் அவர் சொல்வதுதான் தோணியில் வேதம். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போவீர்கள், வருவீர்கள். ஒரு பயணத்தில், விடிந்துகொண்டிருந்த நேரத்தில், கொழும்புக்குப் பக்கத்தில் தோணி பாறையில் மோதி உடைந்தது. பாய்மரத்து உச்சியில் ஆள் ஏறி நின்று தூரத்தைப் பார்ப்பதற்கு ஒரு சின்னப் பரண் இருக்கும். அதில் அன்றைக்கு நின்றது லாசர் என்ற வாலிபர். அவரும் இன்னும் சிலரும் கரை சேரவில்லை. உங்கள் வலது முழங்கால் நசுங்கி, அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

"மேல நின்ன பய தூங்கிட்டான்" என்றீர்கள். தோணி முதலாளியிடம் சொன்னீர்கள், பங்குச் சாமியாரிடம் சொன்னீர்கள், அம்மாவிடம் சொன்னீர்கள். எங்களுக்கு அதைப் பாலோடு சேர்த்துப் புகட்டினீர்கள். சின்ன வயதில் தூக்கம் என்றாலே எனக்குப் பயம். நான் தூங்கினால் எங்கேயோ யாரோ முங்கிச் சாவார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

தோணி போன பிறகு அம்மாவுக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தோம். சுற்றிலும் பனைமரமும் வயலும்தான், வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. அம்மா காலையில் குடையை எடுத்துக்கொண்டு நடப்பாள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஆணையிட ஆளில்லாமல் தவிப்பீர்கள். எறும்பைக்கூட ஒரு நாள் வரிசை மாறிப் போகிறது என்று திட்டினீர்கள்.

பிறகுதான் அந்தப் பாய்மரம் வந்தது. ராயபுரம் பக்கம் ஒரு பழைய தோணியை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், அதன் பாய்மரத்தை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டீர்கள். நல்ல புன்னை மரம். முற்றத்தில் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டி நட்டீர்கள். பாதி உயரம் வரைக்கும் மூங்கில் ஏணியைச் சாத்திக்கொள்ள வேண்டும், அதற்கு மேலே மரத்தில் அறைந்த கட்டைகளைப் பிடித்து ஏற வேண்டும். உச்சியில் பலகைப் பரண், சுற்றிலும் இடுப்பளவுக்குக் கம்பி. நிற்கலாம், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரலாம், படுக்க முடியாது. படுக்க முடியாதபடி அளவு பார்த்துச் செய்ததைத் தச்சரிடம் நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

எதிர்ப்புறத்தில் மாடு வைத்திருந்த முனியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். "இன்னா நைனா, வூட்ல லைட் அவுஸ் கட்றியா? இங்க கடல் எங்க கீது?"

"கடல் இல்லாட்டா என்ன? பார்வை வேணும்லா" என்றீர்கள்.

அம்மா பாவம், கடல் நினைப்பில் கொடி ஏற்றுவதற்காக நடுகிறார் என்றே நினைத்தாள். முழங்கால் மடங்காத மனிதர் பாய்மரம் நட்டால் அதில் ஏறப்போவது யார் என்று அவள் யோசிக்கவில்லை. ஏறியது அக்காவும் நானும்தான். ஸ்டெல்லா அக்கா அப்போது பத்தாவது. நான் ஆறாவது. பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் முறைவைத்து மேலே நின்றோம். ஆம்பிளைப் பிள்ளை இல்லாத குறையைப் பாய்மரம் நட்டுத் தீர்த்துக்கொண்டவர் இந்த உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.

சட்டம் இதுதான். கீழேயிருந்து எந்த நேரமும், "மேல ஆள் உண்டா?" என்று குரல் வரும். "உண்டு!" என்று உடனே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தூங்குகிறாள் என்று அர்த்தம். அடுத்த சாப்பாட்டு வேளை முடிகிற வரைக்கும் இறங்கக் கூடாது. "என்னட்டி தெரியுது?" என்றால் கண்ணில் படுவதையெல்லாம் ஒன்று விடாமல் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஏரி, மதகு, வண்டலூர் மலை, விமானத் தளத்தில் இறங்குகிற விமானம், தாம்பரம் பக்கம் எழும்புகிற ரயில் புகை, முனியம்மாவின் சிவப்பு மாடு. பிடித்தது பிடிக்காதது பார்க்காமல் சொல்ல வேண்டும்.

"மேல நிக்கவன் கண்ணு, கீழ நிக்கவன் காது" என்பீர்கள். "கண்ணு சொன்னதக் காது நம்பணும். நம்பாதவன் தண்டலா இருக்க லாயக்கில்ல." இதைச் சொல்லும்போது உங்கள் முகம் பூசை வைக்கிற சாமியார் முகம் மாதிரி ஆகிவிடும். அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் பக்தியே வந்திருக்கிறது. இப்போது நினைத்தால் எரிகிறது.

தெருவில் எனக்குக் காக்கா என்று பெயர் வந்தது. பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தால் பின்பெஞ்சு மொத்தமும் "கா, கா" என்று கத்தும். நான் அழுதுகொண்டு வந்து சொன்னபோது, "எந்த வகுப்பு, எத்தன பேரு, எந்தத் திசையில இருந்து சத்தம் வந்துச்சு?" என்று கேட்டீர்களே தவிர, கண்ணைத் துடைக்கவில்லை. அக்காதான் தாவணி முந்தியால் துடைத்துவிட்டாள். அவளுக்கும் அதே பெயர் இருந்தது. அவள் அதை வீட்டில் சொல்லவே இல்லை.

அக்கா படிப்பை முடித்து, அம்மா வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே ஆபீசில் டைப் அடிக்கப் போனாள். வேலைக்குப் போகிற பெண்ணைக்கூட நீங்கள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறுவதைப் பார்க்க ஏரிக்கரையில் பையன்கள் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தை வந்து விரட்டியவர்தான் சம்பத். ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர், செம்பாக்கத்துக்காரர், நம் வேதம் இல்லை. "அக்கா தங்கச்சி இல்லாதவன்லாம் இங்க குந்திகினு இருக்கானுங்களா?" என்று அவர் கேட்டது முற்றத்தில் நின்ற எனக்குக் கேட்டது. மேலே நின்ற அக்காவுக்கும் கேட்டிருக்கும். உங்களுக்கும் கேட்டிருக்கும். நீங்கள் செய்திருக்க வேண்டியதை ஒரு அன்னியன் செய்தான்.

அந்த மே மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கத்திரி வெயில். நான் கல்லூரியில் சேரக் காத்திருந்தேன். காலையில் என்னை மேலே ஏற்றினீர்கள். மதகுக்குப் பக்கத்தில் அக்காவும் சம்பத்தும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா பல் தெரியச் சிரிப்பாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்னட்டி தெரியுது?"

"ஏரி. மதகு. எருமை."

"மதகுல?"

"எருமதான் நிக்குது."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லப்பா."

உங்கள் காதுக்கு ஏற்கெனவே யாரோ சேதி கொண்டுவந்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நீங்கள் ஒன்றும் கத்தவில்லை. நொண்டி நொண்டி வந்து மூங்கில் ஏணியை எடுத்துச் சுவரோரம் படுக்கப்போட்டீர்கள். பார்த்ததைச் சொல்லுகிற வரைக்கும் மேலேயே கிடக்கச் சொன்னீர்கள். பிறகு நாற்காலியைப் புளியமர நிழலுக்கு இழுத்துப்போட்டு, பேப்பர் படிக்க உட்கார்ந்தீர்கள்.

பலகை சுட்டது. கம்பியைத் தொட முடியவில்லை. பாவாடை விளிம்பைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு நின்றேன். மதியம் அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, "பிள்ளை செத்துப்போகும்ங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினாள். பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "தோணியில அம்மா கெடையாது" என்றீர்கள். அம்மா நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் அடக்குகிற டீச்சர். உங்கள் முன்னால் செம்பை வைத்துக்கொண்டு நின்றாள்.

முனியம்மாதான் வேலி மேல் ஏறிக் கத்தினாள். "இன்னாய்யா மனுசன் நீ? பொண்ணு காஞ்சி பூடும்யா! மாட்டக்கூட நெழல்லதான்யா கட்டுவாங்க!"

நடுவில் நடுவில் நீங்கள் வழக்கப்படி கேட்டீர்கள். "மேல ஆள் உண்டா?" நானும் வழக்கப்படி சொன்னேன். "உண்டு." தொண்டை ஒட்டிக்கொண்ட பிறகு கம்பியில் வளையலால் தட்டினேன். என் பிடிவாதத்துக்கு நீங்கள்தான் காரணம், உங்கள் ரத்தம்.

வெயில் சாயும் நேரத்தில் அக்கா வந்தாள். கேட்டைத் திறந்து இரண்டடி வைத்ததும் மேலே பார்த்தாள். சுவரோரம் கிடந்த ஏணியைப் பார்த்தாள். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"அவள இறக்குங்கப்பா. மதகுகிட்ட நின்னது நான்தான். சம்பத்தத்தான் கட்டிக்கப்போறேன்."

அடிப்பீர்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். நீங்கள் பேப்பரை நிதானமாக மடித்தீர்கள்.

"ஏணிய வைக்கேன். அவ இறங்குவா. ஆனா நீ கேட்டத் தாண்டி வெளிய போன பொறவுதான் வைப்பேன். எது வேணும்னு நீயே சொல்லு."

அக்கா ஒரு தடவை அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னை அண்ணாந்து பார்த்தாள். கீழே வைத்த கைப்பையைக்கூட எடுக்காமல் திரும்பி நடந்தாள். அம்மா அவள் பின்னால் ஓடினாள். நீங்கள் தடியைக் குறுக்கே நீட்டினீர்கள்.

கீழே நின்றவர்களுக்கு அவள் கேட்டைத் தாண்டி வளைவில் மறைந்ததும் முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. மேலேயிருந்து பார்த்தால் ஒரு ஆள் போவது வெகுநேரம் தெரியும், அப்பா. ஏரிக்கரை வழியாக, பனைமரங்களுக்கு நடுவில், ரோட்டில் ஏறி, பஸ் வருகிற இடம் வரைக்கும் அவள் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தடவைகூடக் கண்ணைத் துடைக்கவில்லை, நேராகவே நடந்தாள். இதற்கா என்னை இத்தனை வருஷம் பார்க்கப் பழக்கினீர்கள்?

ஏணியை வைத்தீர்கள். சொன்ன சொல் தவறாத மனிதர்.

அக்கா கீழ்க்கட்டளையில் சம்பத் மாமாவோடு குடித்தனம் வைத்தாள். நீங்கள் அந்தப் பெயரை எடுக்கவில்லை, எங்களையும் எடுக்கவிடவில்லை. அம்மா சாகும்போது, "மூத்தவளுக்குச் சொல்லிவிடு" என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டேன். அக்கா வந்து கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றாள். உள்ளே வந்தால் பெட்டியைக் குழிக்குள் இறக்கவிட மாட்டேன் என்று நீங்கள் சொல்லியனுப்பியிருந்தீர்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிடி மண் விழுந்தது. அது குழிவரைக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகும் நான் ஏன் உங்களோடு இருந்தேன், ஏன் மேலே ஏறினேன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆபீசுக்குப் போகிற பெண், கல்யாண வயது தாண்டிய பெண், காலையில் பாய்மரத்தில் ஏறி எருமையை எண்ணிக்கொண்டிருந்தால் கேட்காமல் என்ன செய்வார்கள்? உண்மையான பதிலை யாருக்கும் சொன்னதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். உங்களால் ஏற முடியாத இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அங்கே எனக்கு மூச்சு விட முடிந்தது.

பிறகு சர்க்கரை வியாதி உங்கள் கண்ணைத் தின்றது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. பாய்மரத்தடியில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி என் கண்ணை வைத்துத்தான் உலகத்தைப் பார்த்தீர்கள். அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மேலே நின்றுகொண்டிருந்தபோது, அக்கா தன் சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். உங்களுக்கு உடம்பு முடியவில்லை என்று யார் மூலமோ கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். உள்ளே வரவில்லை. என்னை அண்ணாந்து பார்த்தாள்.

நாய் குரைத்தது. "கேட்டுல யாருட்டி?" என்றீர்கள்.

முன்னே ஒரு தடவை மறைத்து என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை சட்டப்படியே நடந்தேன்.

"ஸ்டெல்லா அக்கா நிக்கிறாப்பா. மகளக் கூட்டிட்டு வந்திருக்கா."

"தப்பாப் பாக்குத. திரும்பப் பாரு."

"அக்காதான்ப்பா. பச்சைப் புடவ கட்டியிருக்கா. பிள்ளைக்கு உங்க மூக்கு."

"தப்பாப் பாக்குத. திரும்பப் பாரு."

"அப்பா, அக்கா அழுறா."

"எனக்கு ஒரே மக. அவ மேல நிக்கா. கேட்டுல ஒருத்தருமில்ல. திரும்பப் பாரு."

பத்தடி தூரம்தான். எல்லாம் அக்காவுக்குக் கேட்டது. "யாரும்மா அந்தத் தாத்தா?" என்று அந்தக் குழந்தை கேட்டது எனக்கும் கேட்டது. "தெரிலம்மா, வூடு மாறி வந்துட்டோம், வா" என்றாள் அக்கா. என் அக்கா மறுபடியும் அதே ரோட்டில் போவதை நான் மறுபடியும் மேலே நின்று பார்த்தேன். நீங்கள் காபி கேட்டீர்கள். இறங்கிவந்து போட்டுக்கொடுத்தேன். அந்தக் காபியில் என் கை எப்படி விஷம் கலக்காமல் விட்டது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அந்த மழைக்காலம் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அடக்கத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து சித்தப்பா வந்தார், இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர் யாரோடும் பேசவில்லை. பாய்மரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பந்தல் நிழல் பாய்மரத்துப் பக்கம்தான் இருந்தது. அவர் வெயிலிலேயே உட்கார்ந்தார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்களோடு தோணியில் இருந்தவராம், சூசை என்று பெயர் சொன்னார். லாசரின் கூடப்பிறந்த அண்ணன்.

"இதுல யாரும்மா ஏறுவா?" என்று கேட்டார்.

"நான்தான். அப்பாவுக்கு எப்பவும் மேல ஆள் இருக்கணும். லாசர் அண்ணன் தூங்கிப்போனதால..."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி தூங்கல தாயி. நான் கீழ பாய்க் கயிறப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். 'முன்ன வெள்ளையா நுரை தெரியுது, பாறை, பாறை'ன்னு மேல இருந்து கத்துனான். தண்டல் இன்னொரு தோணிக்கு முந்திப் போய்ச் சேரணும்னு நின்னாரு. 'தப்பாப் பாக்குத, திரும்பப் பாரு'ன்னாரு. அவன் திரும்பியும் சொன்னான். திரும்பியும் அதையேதான் சொன்னாரு. மூணாவது வாட்டி அவன் அழுதுக்கிட்டே சொன்னான். அதுக்குள்ள முட்டிருச்சு."

என் கையில் மோர்ச் செம்பு இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. தப்பாப் பாக்குத, திரும்பப் பாரு. எந்தத் தொனியில் சொல்லியிருப்பீர்கள் என்று யாரும் எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

"ஏன் அண்ணே இத்தன வருசமா யார்கிட்டயும் சொல்லல?"

"தண்டல் ஒண்ணு சொன்ன பொறவு கயிறு பிடிச்சவன் பேச்சு எடுபடுமா? எங்க அம்ம இன்னும் இருக்கா. தோணிய முக்குனவனப் பெத்தவளாம்னு கடற்கரையில யாரும் அவகிட்ட மீன் வாங்க மாட்டாக. தங்கச்சிக்கு மாப்பிள்ள அமையல. லாசருக்கு ஒரு பூசை வைக்கக்கூட அம்ம கூசுவா. அவளே நம்பிட்டா, தாயி, மகன் தூங்கிட்டான்னு."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"மண்ணு போட" என்றார். "ரெண்டு பிடி போடணும். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்கு."

போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓங்கிப் போட்டார். பெட்டி மேல் விழுந்த சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பல நாள் நான் உங்களைப் புரிந்துகொள்ள முயற்சி செய்தேன். நம்பாமல் போனதற்குத் தண்டனையாகத்தான் பாய்மரம் நட்டாரோ, இனிமேலாவது நம்பப் பழகலாம் என்று பிள்ளைகளை மேலே ஏற்றினாரோ என்றெல்லாம் உங்களுக்காக நானே வாதாடிப் பார்த்தேன். அப்படி இருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை, பத்தடி தூரத்தில் பாறையில்லை, உங்கள் பிள்ளை நின்றாள். அப்போதாவது நம்பியிருக்க வேண்டாமா? செத்தவன் மேல் பழியைப் போட்டு வாழ்ந்தது போதாதென்று, உயிரோடு இருந்தவளை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனீர்களே.

சரி, நம் வீட்டுச் சேதிக்கு வருகிறேன். பாய்மரத்தை வெட்டிவிட்டோம். வெட்டுகிற அன்றைக்கு அக்காவை வரச்சொல்லி ஆளனுப்பினேன். கேட்டுக்கு வெளியே அவள் தயங்கி நின்றாள். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். சம்பத் மாமா பின்னாலேயே வந்து, "இன்னா பேஜாரு மரம்டா இது" என்று அண்ணாந்து பார்த்தார். தச்சர் ரம்பத்தைத் தீட்டிக்கொண்டிருந்தபோது அக்கா செருப்பைக் கழற்றினாள். புடவையைச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள். பருத்துவிட்டாள், பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். மாமா வேண்டாம் என்று கத்தினார். அவள் போய்ப் பரணில் நின்றுவிட்டாள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மேல ஆள் உண்டா?" என்றேன்.

"உண்டுடி!"

"என்ன தெரியுது?"

வெகுநேரம் பதில் வரவில்லை. உங்கள் சட்டப்படி அவளுக்குச் சோறு போயிருக்கும்.

"நான் போன ரோடு தெரியுது ரெஜினா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியுதே. இவ்ளோ தூரம் தெரியும்னு எனக்குத் தெரியாதுடி. கடைசிவரைக்கும் நீ பாத்துகினே இருந்தியா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது எனக்கும் அக்காவுக்கும் உள்ளது.

அவள் இறங்கிய பிறகு மரத்தைச் சாய்த்தார்கள். முனியம்மா கிழவி வேலியோரம் நின்று, "இனிமே காக்கா எங்க குந்தும்?" என்று வருத்தப்பட்டாள். மரத்தின் நடுப்பகுதி இன்னும் உரமாகவே இருந்தது. அதில் ஒரு சிலுவை செய்யச் சொன்னேன், உங்கள் தலைமாட்டில் நடுவதற்கு. உங்கள் பெயருக்குக் கீழே, "இங்ஙனம், மகள்கள் ஸ்டெல்லா, ரெஜினா" என்று செதுக்கச் சொன்னேன். சித்தப்பா தூத்துக்குடியிலிருந்து இதற்காகவே புறப்பட்டு வந்துவிட்டார்.

"அண்ணன் உசிரோட இருக்கையில மக ஒருத்திதான்னுதான சொன்னாரு? செத்தவரு வாக்க மாத்தக்கூடாதுட்டி."

"செத்தவரு நிறையச் சொல்லியிருக்காரு சித்தப்பா" என்றேன். "லாசர் தூங்கினாருன்னுகூடச் சொன்னாரு."

சித்தப்பா முகம் செத்துவிட்டது. அவருக்கும் தெரியும் போலிருக்கிறது. அன்று சாயங்கால வண்டிக்கே கிளம்பிவிட்டார்.

இதை அச்சில் போடுவதற்குக் காரணம் சொல்கிறேன் என்றேனே. பாய்மரத்தில் நிற்கிறவள் பார்த்ததை யார் காதிலாவது ரகசியமாகச் சொல்லக் கூடாது, தோணி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் என்று பழக்கியது நீங்கள்தான். கத்துகிறேன். தூத்துக்குடிக் கடற்கரையில் இதைப் படிக்கிறவர்கள் படிக்காதவர்களுக்கும் வாசித்துக்காட்டட்டும். லாசர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். மூன்று தடவை சொன்னார். என் அப்பா நம்பவில்லை.

கல்லறைத் திருநாளன்று சிலுவையை நடுகிறோம். முதல் மெழுகுவர்த்தியை அக்கா ஏற்றுவாள். சுவருக்கு வெளியே நின்று இல்லை, உங்கள் தலைமாட்டில் நின்று. அவள் மகளும் வருவாள், அந்த மூக்கோடு. மறுநாளே நாங்கள் இரண்டு பேரும் தூத்துக்குடிக்கு ரயிலேறுகிறோம். லாசர் அண்ணனின் அம்மா முன்னால் போய் நின்று, உங்கள் மகன் தூங்கவில்லை அம்மா என்று சொல்வோம். அவர் நம்பாவிட்டால் மறுபடியும் சொல்வோம். நம்புகிற வரைக்கும் வீட்டுக்குத் திரும்ப மாட்டோம். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், ஆனாலும் கொடுக்கிறேன்.

சிலுவையில் இருக்கிற பெயர்களைப் பற்றி உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால், தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், அப்பா. சரியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு மகள்களில் இளையவள்,
ரெஜினா